ஒண்ணும் செய்யாதாம்!

கொச்சி மட்டாஞ்சேரியில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் அதிகம் காதில் விழுந்த மலையாள வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "பேடிக்கண்டா சேட்டா, அது ஒந்நும் செய்யில்லா." பயப்படாதீங்க அண்ணே, அது ஒண்ணும் செய்யாது. சங்கிலியின் ஒரு முனையில் நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மறுமுனையில் அதன் சொந்தக்காரர், அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு பல்லுக்கும் அர்த்தம் வேறு என்பது எனக்கும் நாய்க்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

போன மாதம் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. பழகிய வீடு. கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் அவர்கள் வளர்க்கும் லாப்ரடார் படுத்திருந்தது. வந்திருந்த நாலு வயதுப் பிள்ளை ஒன்று ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. உடனே எல்லார் கையிலும் செல்போன். நான் நாயின் முகத்தைப் பார்த்தேன். நாக்கை நீட்டி மூக்கை ஒரு தடவு தடவியது. எதிரில் தின்ன எதுவும் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. ஒரு கொட்டாவி விட்டது. கண்ணோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. அப்புறம் மூச்சைப் பிடித்த மாதிரி அப்படியே உறைந்து போனது.

"பிள்ளையைத் தூக்குங்க" என்றேன்.

"ஏய், அது ஒந்நும் செய்யில்லா அங்கிளே. பிள்ளைங்கன்னா அதுக்கு உயிர்."

சொல்லி முடிக்கவில்லை. பல் கன்னத்தில் பட்டுவிட்டது. ஆழமில்லை, கீறல்தான். குழாயடியில் பிடித்துச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. மஞ்சள் வை, காப்பிப்பொடி வை என்று ஆளுக்கொரு வைத்தியம். பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, கண்ணீர். திரும்பி வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "எத்ர நல்ல பட்டியாயிருந்நு! பெட்டெந்நு என்து பற்றி?" எவ்வளவு நல்ல நாய், திடீர்னு என்ன ஆச்சு?

இந்தத் "திடீர்" இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. என்ன திடீர்? அந்த நாய் ஐந்து கடுதாசி போட்டது. ஐந்தையும் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, ஆறாவதாக வந்த தந்தியைப் பார்த்து அலறுகிறோம். பேப்பரிலும் இதே கதைதான். "திடீரெனப் பாய்ந்து", "எதிர்பாராதவிதமாக". எதிர்பாராதவர் யார் என்று மட்டும் எழுதமாட்டார்கள்.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? மொழி தெரியாமல் பிழைக்கவே முடியாத ஊர். சேர்லாயில் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தியும் கச்சியும், மசூதிப் பக்கம் தக்கினி உருது, பாண்டிக்குடி என்று பேரிலேயே பாண்டிநாட்டை வைத்துக்கொண்டு ஒரு பகுதி, ஃபோர்ட் கொச்சி வண்ணான் துறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ். 1568-ல் யூதர்கள் கட்டிய ஜெபக்கூடம் இன்னும் நிற்கிறது. ஹீப்ருவும் இந்த ஊரில் கேட்டிருக்கிறது. எங்கள் காய்கறி வண்டிக்காரர் சேர்லாய் முனையில் கொங்கணியில் வெண்டைக்காய் விற்பார், குஜராத்தி ரோட்டில் திரும்பியதும் "கேம் சோ" என்பார், என் வீட்டு வாசலில் "அக்கா, முருங்கைக்காய் இளசு" என்று என் மனைவியிடம் தமிழில் தூக்கிக் கொடுப்பார். நான் கணக்கு எழுதிய மிளகுக் கடையில் முதலாளி ஒரு மொழி, தரகர் ஒரு மொழி, மூட்டை தூக்குகிறவர் ஒரு மொழி. ஜூ டவுன் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு வர்த்தகச் சங்கத்தில் ஒரு காலத்தில் கூவிக் கூவித்தான் விலை பேசினார்கள். வெளியாள் போய் நின்றால் அடிதடி என்று நினைப்பான். உள்ளே இருப்பவனுக்கு ஒவ்வொரு கூவலும் ரூபாய், பைசா. நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை முடிக்கிறவர்கள் உண்டு. ஒரு சத்தம் வெளியே வராது.

இப்படி விரல் மொழி, கூவல் மொழி எல்லாம் கற்றுக்கொண்ட நாம், வாசலில் படுத்திருக்கும் ஜீவன் வாலாலும் காதாலும் பேசுவதைப் பார்க்க மட்டும் நேரமில்லை என்கிறோம். அது நம் மொழியைக் கற்றுக்கொண்டாக வேண்டும். கற்றுக்கொண்டும் இருக்கிறது. எங்கள் சந்தில் செம்பட்டை நிறத்தில் ஒரு ஆண் நாய். கொங்கணி வீட்டில் அதற்கு ராஜு. குஜராத்தி வீட்டில் ஷேரு. சாயாக்கடையில் மணியன். என் மனைவி "தோ தோ" என்று கூப்பிடுவாள், அதற்கும் வரும். அதன் காதில் முக்கோணமாக ஒரு வெட்டு இருக்கிறது. கருத்தடை முடிந்த நாய் என்பதற்கான அடையாளம் அது. பிடித்துக்கொண்டு போய், அறுவை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். "ஐயோ பாவம், யாரோ காதை வெட்டிட்டாங்க" என்று எட்டு வருஷமாக அதே தெருவில் இருக்கிறவர் என்னிடம் கண்கலங்கினார். எதைத்தான் பார்க்கிறோம் நாம்?

(இடையில் ஒன்று. மலையாளத்தில் நாய்க்குப் "பட்டி" என்று பேர். "ஊர்லேருந்து பாட்டி வந்திருக்காங்க, ரூமுக்குள்ள படுத்திருக்காங்க" என்று நான் புதிதாக வந்தபோது வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதும், அவர் குச்சியை எடுத்துக்கொண்டு வந்து நின்றதும் தனிக்கதை.)

வாலுக்கு வருகிறேன். வால் ஆடினால் அன்பு என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது: வாலை ஆட்டுவது ஒன்று, வாலைக் குழைப்பது இன்னொன்று. குழைக்கிற நாயைப் பாருங்கள். வால் மட்டுமா ஆடுகிறது? இடுப்பு ஆடும், முதுகு நெளியும், காது பின்னால் படியும், உடம்பே வெண்ணெய் மாதிரி இளகும். அதுதான் குழைவு. வால் உச்சியில் கொடிக்கம்பம் மாதிரி விறைத்து நின்று, நுனி மட்டும் படபடவென்று துடித்து, உடம்பு மரக்கட்டையாக இருந்தால் அது ஆட்டம். கிட்டே போகாதே என்று அர்த்தம். இந்த வேறுபாட்டைச் சொல்லாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் பாட்டிகள். நாம் இரண்டையும் ஒன்றாக்கி "வால் ஆட்டுது, தொடலாம்" என்று முடித்துவிட்டோம்.

இத்தாலியில் பாரி என்ற ஊரில் 2007-ல் முப்பது நாய்களை வைத்துக் கேமராவில் பார்த்திருக்கிறார்கள். எஜமானரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது. மிரட்டுகிற அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். அவ்வளவு நுட்பம் நமக்கு வேண்டாம், நடு ரோட்டில் நின்று வலமா இடமா என்று கணக்குப் போட முடியாது. விறைப்பா, குழைவா என்று பார்த்தால் போதும். டார்வின் 1872-லேயே ஒரு புத்தகத்தில் இந்த இரண்டு கோலத்தையும் படம் போட்டுக் காட்டிவிட்டார்: சண்டைக்குப் போகும் நாய் நெஞ்சை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, முடியைச் சிலிர்த்து நிற்கிறது; அதே நாய் எஜமானரிடம் வரும்போது எல்லாவற்றையும் தலைகீழாக்கித் தாழ்ந்து நெளிகிறது. நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. எங்கள் சந்துக்கு இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

பழமொழி வேறு. "குரைக்கிற நாய் கடிக்காது." இதைச் சொன்னவரை ஒரு தடவை எங்கள் சந்துக்கு இரவு பதினோரு மணிக்குக் கூட்டி வந்தால் தேவலை. குரைக்கிற நாய் தாராளமாகக் கடிக்கும். ஆனால் இந்தப் பழமொழிக்குள் ஒரு உண்மை தெரியாத்தனமாகப் புகுந்திருக்கிறது: குரைக்காமல், உறுமாமல் கடிக்கிற நாயை உருவாக்கியது நாம்தான். உறுமினால் தலையில் ஒரு போடு போடுகிறோம். "என்னையே உறுமுறியா?" அது உறுமுவதை விட்டுவிடும். உள்ளே இருக்கிற பயம் போகாது. அடுத்த தடவை முன்னறிவிப்பு இல்லாமல் நேரே பல்தான். குக்கர் சத்தம் போடுகிறதென்று விசில் ஓட்டையை அடைத்து வைக்கிற புத்தி.

வீட்டு நாய்க்காரர்களிடம் இன்னொரு பெருமை உண்டு. "தப்பு பண்ணினா அதுக்கே தெரியும் சார், மூஞ்சியை எப்படி வச்சுக்குது பாருங்க." செருப்பைக் கடித்த நாய் தலையைக் குனிந்து, காதை மடக்கி, ஓரக்கண்ணால் பார்க்கும். குற்ற உணர்ச்சியாம். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் பதினான்கு நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-ல் எழுதினார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில சமயம் உண்மை, சில சமயம் பொய் சொல்லப்படும். தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்தான் அந்த முகத்தை வைத்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய் இன்னும் அதிகமாக வைத்தது. ஆக அந்த முகத்தின் அர்த்தம் "தப்புப் பண்ணிட்டேன்" இல்லை. "கோபமா இருக்கே, விட்டுடு". எங்கள் கடையில் கணக்கு உதைத்தால், தப்புச் செய்யாத குமாஸ்தாதான் முதலாளி முன்னால் அதிகம் கூழைக்கும்பிடு போடுவான். நானே போட்டிருக்கிறேன்.

தெரு நாய்கள் நம்மைப் படிக்கிற மாதிரி நாம் அவற்றைப் படித்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். கொல்கத்தாவில் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற விஞ்ஞானியின் குழு இந்த நாட்டுத் தெருநாய்களைத்தான் ஆராய்கிறது. யாரும் பழக்காத தெரு நாய்கூட, ஒரு ஆள் விரல் நீட்டிக் காட்டுகிற பாத்திரத்தைப் புரிந்துகொண்டு போகிறது என்று 2020-ல் காட்டினார்கள். அதற்கு முன்னால் இன்னொன்று: முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வரும்போது, அவர் போடும் தீனியைவிடத் தடவிக்கொடுப்பதில் அவற்றின் நம்பிக்கை அதிகம் வளர்கிறது.

விரலையே படிக்கிற பிராணி நம் முதுகைப் படிக்காதா? மனிதன் குனிந்தால் கல் எடுக்கிறான் என்பது தெரு நாய் குட்டிப் பருவத்திலேயே படிக்கும் பாடம். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் அரண்மனைச் சாலையில் நேராக நாயின் தலைக்கு மேல் குனிந்து கையை நீட்டுகிறார், முகமெல்லாம் சிரிப்பு. நாய்க்குத் தெரிவது குனிந்த முதுகும், நீண்ட கையும், வெளியே தெரிகிற பல்லும், கண்ணுக்குள் பார்க்கிற கண்ணும். நாய் பாஷையில் இந்த நாலும் சேர்ந்தால் அன்பு வராது. "மேடம், பக்கவாட்டில் நில்லுங்க, அதுவா வரட்டும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னால், ஏதோ கைடு கமிஷன் கேட்கிறான் என்கிற மாதிரி பார்க்கிறார்.

அதிலும் சீசன் பொருந்துவதைப் பாருங்கள். மலையாளிகளுக்குக் கன்னி மாசம் என்றால் நாய்களின் மாசம், நம் புரட்டாசி. சந்து முழுக்கச் சண்டை, ஊளை, தூக்கம் போச்சு. இரண்டு மாதம் கழித்து, கார்த்திகை, மார்கழியில் குட்டி. கருத்தடைக்குத் தப்பிய பெட்டைகள் கிட்டங்கியின் இடிந்த சுவர் மறைவில், பழைய சாக்கின்மேல் ஈன்றிருக்கும். சரியாக அதே டிசம்பரில்தான் சுற்றுலாக் கூட்டம். 2012-ல் தொடங்கிய பினாலே கலைக் கண்காட்சிகூட டிசம்பரில்தான் கதவு திறக்கும். கலை பார்க்க வந்தவர்கள் கிட்டங்கிக் கிட்டங்கியாக ஏறி இறங்குவார்கள். வழியில் பஞ்சுப் பொதி மாதிரி நாலு குட்டி. "ஸோ க்யூட்!" ஒன்றைத் தூக்கியாயிற்று. தாய் எங்கே என்று யார் பார்த்தார்கள்? தாய் ஒரு உறுமல் விடும், இரண்டு அடி எடுத்து வைக்கும், நிற்கும். அதுவும் கடுதாசிதான். பிறகு சாயாக்கடையில் பஞ்சாயத்து: "ஈ பட்டிகளைக் கொண்டு தோற்று." இந்த நாய்களோட தொல்லை தாங்கலை.

சாயாக்கடைப் பஞ்சாயத்தில் இரண்டே கட்சி. ஒன்று, எல்லாவற்றையும் கொன்றுவிடு. இன்னொன்று, பாவம், அது குழந்தை மாதிரி. முதல் கட்சிக்காரர் கையில் குச்சி. இரண்டாம் கட்சிக்காரர் கையில் பிஸ்கட் பாக்கெட். அதையும் தன் வாசலில் போடமாட்டார், என் வாசலில் போட்டுவிட்டுப் போவார். நாலு நாய் அங்கே கூடும், பங்கு தகராறு வரும், அந்த நேரம் பார்த்து ஸ்கூல் பிள்ளை ஓடும். இரண்டு கட்சியும் நாயை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்ததில்லை என்பதில் மட்டும் பேதமில்லை.

கொல்லச் சொல்கிறவரின் கோபத்தை நான் லேசாக நினைக்கவில்லை. 2016-ல் திருவனந்தபுரத்துப் பக்கம் புல்லுவிளைக் கடற்கரையில் ஒரு மூதாட்டியை நாய்க்கூட்டம் கொன்றது. 2022-ல் பத்தனம்திட்டையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஊசி போட்டுக்கொண்டும் வெறிநோயில் இறந்தாள். 2023 ஜூனில் கண்ணூர் முழப்பிலங்காட்டில் பதினோரு வயதுப் பையன். வாய் பேச வராத பிள்ளை, கத்திக் கூப்பிடக்கூட முடியவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நான் சோறு தின்னவில்லை. கூட்டமாக வந்து கடிக்கிற நாயிடம் நின்று பாஷை பேசு என்று எந்தத் தகப்பனிடம் போய்ச் சொல்வது? வெறிநோய் கண்ட நாய்க்கோ பாஷையே கிடையாது. அது எதையும் எச்சரித்துவிட்டுச் செய்யாது. அதற்கெல்லாம் ஊசியும் கருத்தடையும் குப்பையை ஒழுங்காக அள்ளுவதும்தான் வழி.

அந்த வழிக்கு 2001-லேயே சட்டவிதி வந்தது, 2023-ல் புதுக்கினார்கள். 2025 ஆகஸ்ட் 11-ல் டில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடை என்றது உச்ச நீதிமன்றம். பதினொரு நாள் கழித்து, வெறியும் மூர்க்கமும் உள்ளவற்றைத் தவிர மற்றதை ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடு என்று திருத்தியது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னது. ஒவ்வொரு உத்தரவுக்கும் சாயாக்கடையில் ஒரு கட்சி லட்டு கொடுத்தது. மணியன் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தான். நாளைக்கு எது வந்தாலும், நாளை மறுநாளும் ஏதாவது ஒரு நாய் நம் தெருவில் இருக்கத்தானே போகிறது? அதன் எதிரில் எப்படி நடப்பது என்று பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது?

என்ன பெரிய வித்தை அது? ஓடாதே. ஓடுகிற எதையும் துரத்தச் சொல்கிறது அதன் ரத்தம். ஸ்கூட்டரை முறுக்குகிறவனைத் துரத்துவதும் அதனால்தான். வேகத்தைக் குறைத்தால் பாதி நாய்க்கு ஆர்வம் போய்விடும். கண்ணுக்குள் பார்க்காதே. கை இரண்டையும் உடம்போடு ஒட்டி, மரம் மாதிரி நில். விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிச் சுருண்டுகொள். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே. ஒரு நாய் எதிரில் வந்து சட்டென்று தரையை மோந்து பார்க்க ஆரம்பித்தால், உடம்பை வளைத்து அரைவட்டமாக நடந்தால், தலையைத் திருப்பிக்கொண்டால், அது சண்டை வேண்டாம் என்கிறது. நீயும் உடம்பைத் திருப்பிக்கொண்டு விலகிப் போ. நார்வேக்காரர் தூரிட் ரூகாஸ் என்ற பயிற்சியாளர் இவற்றுக்குச் சமாதானக் குறிகள் என்றே பேர் வைத்துப் புத்தகம் எழுதினார். இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் கொடுங்கள் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். போர்ஷன் முடியவில்லை என்றார்கள்.

நேற்றுச் சாயங்காலம் கப்பலண்டிமுக்கிலிருந்து வந்துகொண்டிருந்தேன். எதிரில் அதே பிறந்தநாள் வீட்டுக்காரர், அதே லாப்ரடார். சந்து குறுகல். என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "பேடிக்கண்டா, ஒந்நும் செய்யில்லா" என்றார். நான் ஓரமாகச் சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றேன். ஓரக்கண்ணில் தெரிந்தது. நாய் ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பி, சாக்கடையோரப் புல்லை மோந்து பார்க்கத் தொடங்கியது. எனக்கு அப்படியே மனசு இறங்கிவிட்டது. வாங்க, போங்க என்று இருவரும் மரியாதையாகப் பேசி முடித்த மாதிரி.

"என்னத்தை எப்பப் பாரு சாக்கடையில மோந்துக்கிட்டு!" என்று அவர் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தார். நாய் மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டு அவர் பின்னால் போனது.